மட்டு மதிப்புச் சமன்பாடுகளைத் தீர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

|ய − 3| = 5 என்று ஒரு கணக்கு. 8 என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும், −2 விட்டுப்போயிற்று. |ய − 2| = 2ய − 1 என்று இன்னொரு கணக்கு. இதற்கு 1, −1 என்று இரண்டு விடை எழுதினால் அதுவும் தப்பு. −1 இதற்கு விடையே இல்லை. இந்தப் பாடத்தில் வரும் பிழைகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்: இருக்கிற விடையை விட்டுவிடுவது, இல்லாத விடையைச் சேர்த்துக்கொள்வது. 'மாட் எடுத்தால் பிளஸ் மைனஸ் போடு' என்ற ஒற்றை வரியை மனப்பாடம் செய்துகொண்டு, அந்த வரி எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று பார்க்காமல் விடுவதுதான் இரண்டுக்கும் காரணம்.

பதினோராம் வகுப்பில் சில பக்கங்களில் முடிந்துவிடும் பாடம் இது. ஆனால் எல்லை, தொடர்ச்சி, வகையிடல் என்று அப்புறம் வரும் எல்லா இடத்திலும் இந்த இரண்டு செங்குத்துக் கோடுகள் திரும்பத் திரும்ப வரும். இப்போதே அடிப்படையைச் சரியாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

ஒரு சின்னக் குறிப்பு: தெரியாத எண்ணை இங்கே ய என்று எழுதுகிறேன். உங்கள் பாடநூலில் எக்ஸ் இருக்கும் இடம் அது.

மட்டு மதிப்பு என்பது தூரம்

எண்கோட்டில் 0-விலிருந்து ஓர் எண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதுதான் அந்த எண்ணின் மட்டு மதிப்பு. 7-ம் சரி, −7-ம் சரி, 0-விலிருந்து 7 அலகு தள்ளி இருக்கின்றன. ஆகவே |7| = 7, |−7| = 7. தூரம் என்பதால் மட்டு மதிப்பு ஒருபோதும் குறை எண்ணாக வராது. இந்தச் செங்குத்துக் கோட்டுக் குறியீட்டை 1841-ல் பயன்படுத்தியவர் ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் வயர்ஸ்ட்ராஸ்.

இதையே சற்று விரித்தால் |ய − 3| என்பது ய-வுக்கும் 3-க்கும் இடையே உள்ள தூரம். |ய + 2| என்பது ய-வுக்கும் −2-க்கும் இடையே உள்ள தூரம், ஏனென்றால் ய + 2 = ய − (−2). இந்த வாசிப்பு பழகிவிட்டால் பாதிக் கணக்குகளைப் பேனா எடுக்காமலே போட்டுவிடலாம். முதல் கணக்கு என்ன கேட்கிறது? 3-லிருந்து 5 அலகு தள்ளி இருக்கும் எண்கள் எவை? வலப்பக்கம் போனால் 8, இடப்பக்கம் போனால் −2. முடிந்தது.

பாடநூல் தரும் வரையறை இப்படி இருக்கும்:

ய ≥ 0 எனில் |ய| = ய
ய < 0 எனில் |ய| = −ய

இரண்டாவது வரியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "மட்டு மதிப்பு மிகை எண்தானே, −ய எப்படி வரும்?" என்ற கேள்வி நியாயமானது. −ய என்பதை 'குறை எண்' என்று படிக்காமல், 'ய-வின் குறியை மாற்று' என்று படித்துப் பாருங்கள். ய = −7 என்றால் −ய = −(−7) = 7. மிகை எண்தான் வருகிறது. முன்னால் கழித்தல் குறி இருப்பதாலேயே ஒன்று குறை எண் ஆகிவிடாது. இந்த ஒரு விஷயம் மனதில் உறுதியாக நின்றால் மீதி எல்லாமே இதன் பயன்பாடுதான்.

படி 1: முதலில் மட்டைத் தனியாகப் பிரித்தெடுங்கள்

3|2ய − 1| + 4 = 19

எடுத்த எடுப்பில் பிளஸ் மைனஸ் போடக் கூடாது. மட்டுக் குறிக்கு வெளியே இருப்பதையெல்லாம் மறுபக்கம் அனுப்புங்கள். 4-ஐக் கழித்தால் 3|2ய − 1| = 15; 3-ஆல் வகுத்தால் |2ய − 1| = 5.

இப்போது பிரிக்கலாம். 2ய − 1 = 5 எனில் ய = 3. 2ய − 1 = −5 எனில் ய = −2. சரிபார்த்தால், ய = 3-க்கு 3 × 5 + 4 = 19; ய = −2-க்கு |−5| = 5, மறுபடியும் 19. இரண்டும் விடைகள்.

வெளியே இருக்கும் கெழு குறை எண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்:

7 − 2|ய + 1| = 1

இங்கே −2-ஐ அடைப்புக்குறிக்குள் கொண்டுபோவதுபோல மட்டுக்குள் கொண்டுபோய் |−2ய − 2| என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தப்பு. மட்டுக்குள் போனதும் அந்தக் கழித்தல் குறி காணாமல் போய்விடும். 7-லிருந்து கழிக்க வேண்டியதைக் கூட்டிவிடுவீர்கள். 7-ஐ மறுபக்கம் அனுப்புங்கள்: −2|ய + 1| = −6, ஆகவே |ய + 1| = 3. −1-லிருந்து 3 அலகு தூரம்: ய = 2 அல்லது ய = −4.

படி 2: பிரிக்கும் முன் வலப்பக்கத்தைப் பாருங்கள்

மட்டு தனியாக நின்றதும், மறுபக்கம் வெறும் எண்ணாக இருந்தால் அதன் குறியே எத்தனை விடை என்று சொல்லிவிடும். உள்ளே இருப்பது 2ய − 1 போன்ற ஒருபடிக் கோவையாக இருக்கும்போது, வலப்பக்கம் மிகை எண் என்றால் இரண்டு விடை, 0 என்றால் ஒரே விடை, குறை எண் என்றால் விடையே கிடையாது.

|4ய − 6| = 0 எனில் 4ய − 6 = 0, ய = 3/2, அவ்வளவுதான். |5ய + 2| + 8 = 3 என்பதில் 8-ஐ அனுப்பினால் |5ய + 2| = −5 என்று வரும். தூரம் −5 ஆக இருக்க முடியாது. 'தீர்வு இல்லை' என்று எழுதி நிறுத்திவிடுங்கள். பழக்கதோஷத்தில் 5ய + 2 = −5, 5ய + 2 = 5 என்று பிரித்தால் அழகாக இரண்டு எண்கள் வரும்; இரண்டுமே பொய். தொடக்கத்திலேயே வலப்பக்கம் 3 என்ற மிகை எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாமல், தனியாகப் பிரித்த பிறகே வலப்பக்கக் குறியைப் பார்க்க வேண்டும்.

படி 3: வலப்பக்கத்திலும் ய இருந்தால்

தேர்வில் அதிகம் பேர் மதிப்பெண் இழக்கும் இடம் இது. நிதானமாகப் பார்ப்போம்.

|ய − 2| = 2ய − 1

வலப்பக்கம் இப்போது ஓர் எண் இல்லை. ய-வைப் பொறுத்து அது மிகையாகவும் வரும், குறையாகவும் வரும். ஆனால் இடப்பக்கம் குறை எண்ணாக வரவே வராது. ஆகவே சமன்பாடு மெய்யாக வேண்டுமானால் 2ய − 1 ≥ 0, அதாவது ய ≥ 1/2 ஆக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை முதலில் ஓரமாக எழுதி வைத்துவிடுங்கள்.

ய − 2 = 2ய − 1 எனில் ய = −1. நிபந்தனைக்குப் பொருந்தவில்லை, தள்ளிவிடலாம்.
ய − 2 = −(2ய − 1) எனில் 3ய = 3, ய = 1. நிபந்தனை பொருந்துகிறது; |1 − 2| = 1, 2(1) − 1 = 1. சரி.

விடை ய = 1 மட்டும்.

−1 எங்கிருந்து முளைத்தது? ய = −1 என்று போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் |−3| = 3. வலப்பக்கம் −3. அளவு ஒன்று, குறி வேறு. பிளஸ் மைனஸ் போட்டுப் பிரிக்கும்போது நாம் உண்மையில் கேட்பது, 'இரண்டு பக்கமும் அளவில் சமமா?' என்ற கேள்வியைத்தான். வலப்பக்கத்தின் குறி என்ன என்று அந்தக் கேள்வி பார்ப்பதே இல்லை. அளவு ஒத்துப்போய்க் குறி தவறிய எண்ணும் அதனால் உள்ளே நுழைந்துவிடுகிறது. ய ≥ 1/2 என்ற நிபந்தனை அதை வெளியேற்றுகிறது. கணக்குப் போடுகிறவர் எந்தப் படியிலும் பிழை செய்யாமலே பொய்யான விடை வரும் என்பதால்தான் இங்கே சரிபார்ப்பைக் கணக்கின் ஒரு பகுதியாகவே நினைக்க வேண்டும் என்கிறேன்.

வரைபடத்திலும் இது தெரியும். |ய − 2|-இன் வரைபடம் 2-ஐத் தொட்டு மேலே விரியும் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவம். 2ய − 1 என்ற கோடு அதன் இடக்கையை ய = 1-ல் வெட்டுகிறது. வலக்கையைக் கீழ்நோக்கி நீட்டினால்தான் −1-ல் வெட்டும்; அந்த நீட்சி வரைபடத்தில் இல்லவே இல்லை.

சில நேரம் இரண்டு எண்களுமே விழுந்துவிடும். |2ய − 3| = ய − 6 என்பதற்கு நிபந்தனை ய ≥ 6. பிரித்தால் ய = −3, ய = 3 என்று கிடைக்கும். இரண்டும் 6-க்குக் கீழே. தீர்வு இல்லை.

இதற்கு நேர்மாறாக, எண்ணற்ற தீர்வுகள் வருவதும் உண்டு. |ய − 4| = 4 − ய என்பதைப் பாருங்கள். முதல் பிரிவில் ய = 4. இரண்டாவதில் ய − 4 = ய − 4; எப்போதும் மெய். இங்கே 'எல்லா மெய்யெண்களும்' என்று எழுதிவிடக் கூடாது. 4 − ய ≥ 0 என்ற நிபந்தனை இருக்கிறது. ஆகவே ய ≤ 4 ஆக உள்ள எல்லா எண்களும் தீர்வு. ஓர் எண்ணின் மட்டு மதிப்பு அதன் குறிமாற்றத்துக்குச் சமம் என்றால் அந்த எண் 0 அல்லது குறை எண் என்ற வரையறையேதான் இது.

படி 4: இரண்டு பக்கமும் மட்டு

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் முந்தையதைவிட எளிது.

|3ய − 1| = |ய + 5|

இரண்டு பக்கமும் ஏற்கெனவே குறை எண்ணாக முடியாது என்பதால் நிபந்தனை தேவையில்லை. உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று சமம், அல்லது ஒன்று மற்றதன் குறிமாற்றம். நான்கு விதமாகப் பிரிக்கத் தேவையில்லை, இரண்டு போதும்; மற்ற இரண்டும் இவற்றையே இருபக்கமும் −1-ஆல் பெருக்கியவை.

3ய − 1 = ய + 5 எனில் ய = 3.
3ய − 1 = −ய − 5 எனில் ய = −1.

சரிபார்த்தால் 8 = 8, 4 = 4. இரண்டும் நிற்கின்றன.

இருபக்கமும் வர்க்கப்படுத்தியும் போடலாம். |ய|² = ய² என்பதால் மட்டுக் குறி போய்விடும். (3ய − 1)² − (ய + 5)² = 0 என்பதை விரித்து எழுதி நேரத்தைச் செலவழிக்காமல், இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எடுத்தால் (2ய − 6)(4ய + 4) = 0 என்று நேராக வந்து நிற்கும். விடை அதே 3, −1. வர்க்கப்படுத்தும் முறையை இந்த வகைக்கு மட்டும் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஒரு பக்கம் மட்டுமே மட்டு இருக்கும்போது வர்க்கப்படுத்தினால் படி 3-ல் பார்த்த அதே பொய் விடைகள் வரும்.

|ய − 2| = |ய − 8| போன்றவற்றுக்கு எந்த முறையும் வேண்டாம். 2-க்கும் 8-க்கும் சம தூரத்தில் இருப்பது நடுவில் உள்ள 5 மட்டுமே.

படி 5: மட்டுகளின் கூட்டல், கழித்தல்

|ய − 1| + |ய + 2| = 7

ஒன்றுக்கு மேற்பட்ட மட்டுகள் சேர்ந்து நின்றால் பிளஸ் மைனஸ் குறுக்குவழி குழப்பத்தில்தான் முடியும். எண்கோட்டைத் துண்டுபோடுங்கள். ஒவ்வொரு மட்டுக்குள்ளும் இருப்பது எங்கே 0 ஆகிறது? 1-லும் −2-லும். குறி மாறும் புள்ளிகள் இவைதான். இவை எண்கோட்டை மூன்று பகுதிகளாக்குகின்றன.

ய < −2: இரண்டு கோவையும் குறை. (1 − ய) + (−ய − 2) = −2ய − 1 = 7, ய = −4. இந்தப் பகுதிக்குள் இருக்கிறது, ஏற்கலாம்.
−2 ≤ ய < 1: (1 − ய) + (ய + 2) = 3. இது 7 ஆகாது, இங்கே தீர்வு இல்லை.
ய ≥ 1: (ய − 1) + (ய + 2) = 2ய + 1 = 7, ய = 3. ஏற்கலாம்.

நடுப்பகுதியில் ய மறைந்து 3 என்று மட்டும் வந்ததே, அது தற்செயல் இல்லை. −2-க்கும் 1-க்கும் இடையே எங்கே நின்றாலும் இரண்டுக்குமான தூரங்களைக் கூட்டினால் 3தான். 7 வேண்டுமென்றால் இன்னும் 4 தேவை. வெளியே ஓர் அலகு நகர்ந்தால் இரண்டு தூரமும் ஒவ்வோர் அலகு கூடும். ஆகவே 2 அலகு வெளியே போக வேண்டும். 1 + 2 = 3, −2 − 2 = −4. வலப்பக்கம் 7-க்குப் பதில் 3 ஆக இருந்தால் −2 முதல் 1 வரை முழுத் துண்டுமே தீர்வு. 3-க்கும் குறைவு என்றால் தீர்வே இல்லை. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

கெழுக்கள் வேறுபட்டு, நடுவில் கழித்தலும் வந்தால் தூரக் கணக்கு அவ்வளவு எளிதாக உதவாது. துண்டுபோடும் முறை அப்போதும் கைகொடுக்கும்.

|2ய − 4| − |ய + 1| = 3

குறி மாறும் புள்ளிகள் −1, 2.

ய < −1: (4 − 2ய) − (−ய − 1) = 5 − ய = 3, ய = 2. ஆனால் 2 இந்தப் பகுதியில் இல்லை. தள்ளுங்கள்.
−1 ≤ ய < 2: (4 − 2ய) − (ய + 1) = 3 − 3ய = 3, ய = 0. ஏற்கலாம்.
ய ≥ 2: (2ய − 4) − (ய + 1) = ய − 5 = 3, ய = 8. ஏற்கலாம்.

விடை 0, 8. முதல் பகுதியில் −(−ய − 1) என்பதை அடைப்புக்குறி போட்டு எழுதியதைக் கவனியுங்கள். அந்த அடைப்புக்குறியைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டால் குறி மாறிப் போய்விடும். ஒவ்வொரு பகுதியிலும் கிடைத்த எண் அந்தப் பகுதிக்குள் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துவிடும்.

மட்டுக்குள் மட்டு, மட்டுடன் இருபடி

||ய − 3| − 4| = 5 போன்றவற்றை வெளியிலிருந்து உள்ளே உரித்துக்கொண்டு போக வேண்டும். |ய − 3| − 4 = 5 எனில் |ய − 3| = 9, ய = 12 அல்லது −6. |ய − 3| − 4 = −5 எனில் |ய − 3| = −1, இது நடக்காது. விடை 12, −6. வலப்பக்கம் 5-க்குப் பதில் 2 இருந்தால் |ய − 3| = 6, |ய − 3| = 2 இரண்டுமே செல்லும்; 9, −3, 5, 1 என்று நான்கு விடைகள் கிடைக்கும்.

ய² − |ய| − 6 = 0 என்பதில் ய² = |ய|² என்று எழுதினால் |ய|-ஐ மாறியாகக் கொண்ட சாதாரண இருபடிச் சமன்பாடு ஆகிவிடும்: (|ய| − 3)(|ய| + 2) = 0. |ய| = 3 எனில் ய = 3, −3. |ய| = −2 என்பது கிடையாது.

எண்களிலிருந்து சமன்பாட்டுக்கு

தலைகீழாகவும் கேட்பார்கள்: இரண்டு எல்லைகளைக் கொடுத்து மட்டுச் சமன்பாடு எழுதச் சொல்வார்கள். கிரிக்கெட் விதிகளின்படி, ஆண்கள் ஆட்டத்தில் புதுப் பந்தின் எடை 155.9 கிராமுக்குக் குறையவும் கூடாது, 163 கிராமைத் தாண்டவும் கூடாது. இந்த இரண்டு எல்லைகளையும் தீர்வாகக் கொண்ட சமன்பாடு எது?

நடுப்புள்ளி (155.9 + 163) ÷ 2 = 159.45. அங்கிருந்து ஓர் எல்லைக்கு உள்ள தூரம் 163 − 159.45 = 3.55. ஆகவே

|ய − 159.45| = 3.55

சமக் குறி இருக்கும் இடத்தில் ≤ போட்டால், விதிக்கு உட்பட்ட எல்லாப் பந்துகளின் எடையையும் அந்த ஒரே வரி சொல்லிவிடும். நடுவில் ஒரு மதிப்பு, இரு பக்கமும் ஓரளவு விலக்கம் என்று எங்கே பேசினாலும் இதே அமைப்புதான்.

போட்டுப் பாருங்கள்

1. |3ய + 6| = 12
2. |ய + 3| = 2ய
3. |2ய − 5| = |ய + 4|
4. |ய − 6| + |ய| = 10
5. |ய − 6| + |ய| = 6
6. ய² − 2|ய| − 15 = 0

விடைகள்: முதலாவதுக்கு 2, −6. இரண்டாவதுக்கு 3 மட்டும். −1 வந்திருந்தால் ய ≥ 0 என்ற நிபந்தனையை விட்டுவிட்டீர்கள், படி 3-ஐ இன்னொரு முறை பாருங்கள். மூன்றாவதுக்கு 9, 1/3. நான்காவதுக்கு 8, −2. ஐந்தாவதுக்கு 0 முதல் 6 வரை உள்ள எல்லா மெய்யெண்களும், இரு முனைகளும் சேர்த்து. ஆறாவதுக்கு 5, −5.